உக்ரைன் குடும்பத்துக்கு வீட்டில் இடம் கொடுத்த பதின்மூன்று மாதங்கள்

பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. உக்ரைன் ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். நீங்கள் கொடுத்தீர்களாமே, எப்படி?" கொடுங்கள் என்றேன். அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவரிடம் சொல்லாமல் விட்டவை மனதில் ஓடிக்கொண்டே இருந்தன. 2022இல் இவற்றை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் பவுண் மிஞ்சியிருக்கும். அதைவிட, என் கூரைக்குக் கீழே ஒரு பெண் மூன்று வாரம் அரை வயிற்றோடு படுத்திருக்க மாட்டார். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் லண்டனின் ஓரத்தில் இருக்கிறோம். கணவருக்கு இரவுப் பணி. மகளுக்கு அப்போது பதினொரு வயது, மகனுக்கு எட்டு. கூரைக்குக் கீழே கட்டிய மேலறை ஒன்றும், கீழே முன்னறை ஒன்றும் புழக்கமில்லாமல் கிடந்தன. 2022 மார்ச் 18ஆம் திகதி பிரித்தானிய அரசு 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்துக்கு விசா விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கியது. குறைந்தது ஆறு மாதம் வாடகை வாங்காமல் இடம் தர வேண்டும். நன்றித் தொகையாக அப்போது வீட்டுக்கு மாதம் 350 பவுண், கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி சபை மூலம் வரும். நான் அந்தத் தொகையை யோசித்துப் பதிவு செய்யவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் எழும்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாதையில் ஓர் அடி வைக்க ஒரு நிமிடம் எடுத்தது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா தன் வளவுக் கதவைத் திறந்தார். அந்த வீட்டில் நாங்கள் ஆறு குடும்பங்கள் இருந்தோம். தொலைக்காட்சியில் கார்கிவ் நகரத்துச் சனம் சுரங்க ரயில் நிலையத்தில் பாய் விரித்துக் கிடப்பதைப் பார்த்த அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன்.

சொந்தக்காரர்கள் சிலருக்குக் கோபம். "எங்கள் சனம் இங்கே வந்தபோது இந்த நாட்டில் எவன் கதவைத் திறந்தான்? இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வேலை செய்ய உரிமை இல்லாமல் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் வந்த நாளிலேயே வேலை, உதவிப்பணம், பாடசாலை எல்லாமா?" என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய இடம் அரசு. ஏழு வயதுப் பையன் ஒருவனின் தலையில் அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் இடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வரும். விருந்தினர் வருவதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் குரலின் சூடு எல்லோருக்கும் விளங்கும்.

அரசே ஆளைப் பொருத்தித் தரும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. இன்னாருக்கு இடம் தருகிறேன் என்று பெயர் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் போலந்துப் பெண் ஒருவரின் தங்கை கிராகோவில் தொண்டு செய்துகொண்டிருந்தார். அவர் மூலமாக ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் தெரியவந்தார்கள். கார்கிவின் சால்டிவ்கா பகுதிக்காரர்கள், மகளுக்குப் பதினான்கு, மகனுக்கு ஏழு. பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட ஆண்கள் வெளியேறத் தடை இருந்ததால் தகப்பன் அங்கேயே நின்றுவிட்டார். மூன்று தடவை வீடியோவில் பேசினோம். அந்தப் பேச்சுகளில் நான் செய்த தவறு, எல்லாவற்றுக்கும் "பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை" என்று சொன்னதுதான். கணவர் பகலில் தூங்குவார், வீட்டில் ஒரே குளியலறை, மாடும் பன்றியும் எங்கள் சட்டியில் ஏறாது, வெள்ளிக்கிழமை மரக்கறி, இது ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்களோ என்ற பயம். சொல்லியிருக்க வேண்டும். வேறு வீடு பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. அதை நான் மறைத்துப் பறித்துவிட்டேன்.

விசா விண்ணப்பம் ஆளுக்கு ஒன்று, கைப்பிள்ளைக்கும் தனியாக ஒன்று. செல்லுபடியான கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் அப்போது விசா நிலையத்துக்குப் போகத் தேவையிருக்கவில்லை, இணையத்தில் விண்ணப்பித்தால் அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. படிவத்தை மூன்று இரவுகள் இருந்து நானே நிரப்பினேன். ஐந்தாவது வாரம் தாய்க்கும் மகளுக்கும் கடிதம் வந்துவிட்டது. பையனுக்கும் நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும் என்று நினைத்து மூன்று பேருக்கும் விமான டிக்கெட் போட்டேன். பையனின் கடிதம் மேலும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. 310 பவுண் டிக்கெட் காசு திரும்பி வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் கிராகோ விடுதிக்கு அந்தத் தாய் தன் கையில் இருந்த கடைசிப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வரவிருக்கும் அத்தனை பேரின் கடிதமும் கண்ணில் படும் வரை டிக்கெட் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் கடிதம் மட்டும் பின்தங்கி நிற்பது அந்த நாட்களில் பல குடும்பங்களுக்கு நடந்தது.

2022 மே மாதத்தில் வந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை, பையனின் கையில் ஒரு பொம்மை லொறி. நான் முதல் நாளே பெரிய விருந்து வைத்தேன். கோழிக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். இரண்டு மச்சாள்மாரையும் கூப்பிட்டிருந்தேன். எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள்: வீடு இருக்கிறதா, கணவர் எங்கே, குண்டு விழுந்ததைப் பார்த்தீர்களா. அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். மேலே போன பிறகு மறுநாள் மத்தியானம் வரை இறங்கி வரவில்லை. முதல் வாரத்தில் யாரையும் கூப்பிடாதீர்கள், ஒன்றும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லும்போது கேட்டால் போதும். எனக்கு அவர் தன் கதையைச் சொன்னது ஐந்தாம் மாதத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

சாப்பாட்டு விஷயம்தான் இன்னும் என்னைக் குத்துகிறது. நான் நாள்தோறும் எல்லோருக்கும் சமைத்தேன், வேலைக்குப் போகுமுன் மத்தியானச் சாப்பாட்டையும் மூடி வைத்துவிட்டுப் போனேன். உபசரிப்பு என்றால் அதுதான் என்று நினைத்தேன். அவர் இரவில் எங்களோடு கொஞ்சம் சாப்பிடுவார், அவ்வளவுதான். மூடி வைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தேநீர் குடித்திருக்கிறார். காரத்தைக் குறைத்துப் பார்த்தேன், பாண் வாங்கி வைத்தேன், ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் வாரம் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது அம்மாவிடம் குறை சொன்னேன். "இவ்வளவு செய்தும் அந்தப் பெண் வாயில் வைக்கிறாள் இல்லை, அம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, அவளுக்கு நீ அடுப்புக் கொடுத்தாயா?"

மீசாலையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அம்மா அன்றுதான் சொன்னார். முதல் கிழமை முழுவதும் பெரியம்மாதான் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாராம். ஒவ்வொரு வேளையும் அந்தக் கோப்பையை நீட்டும்போது அம்மா கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டுத்தான் வருவாராம். எட்டாம் நாள் பெரியம்மா மாமரத்தடியில் மூன்று கல்லை வைத்து, ஒரு பானையும் ஒரு சுண்டு அரிசியும் கொடுத்து, "தங்கச்சி, இது உன் அடுப்பு" என்றாராம். "அன்றைக்குத்தான் எனக்குத் தொண்டைக்குள்ளே சோறு இறங்கியது" என்றார் அம்மா. எனக்கு அந்த மரத்தடி நினைவிருக்கிறது. நாங்கள் அங்கே கல் எறிந்து மாங்காய் விழுத்தினோம். பிள்ளையாக இருந்த எனக்கு 1995 ஒரு நீண்ட மழைக்காலம். அம்மாவுக்கு அது என்னவாக இருந்தது என்று இருபத்தேழு வருடம் நான் கேட்கவேயில்லை.

மறுநாள் குசினியில் ஓர் அலுமாரியைக் காலி செய்தேன். குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டு அவருடையது. பின்னேரம் ஐந்திலிருந்து ஆறரை வரை குசினி அவருடையது, அந்த நேரத்தில் நான் உள்ளே போகமாட்டேன். இரண்டு சட்டியும் ஒரு தாச்சியும் புதிதாக வாங்கிக் கொடுத்து, மாடோ பன்றியோ எதுவானாலும் இவற்றில் சமைத்துக்கொள்ளுங்கள், எங்கள் சட்டியில் மட்டும் வேண்டாம் என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டினேன். வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது வியப்பாகவே இல்லை. தவக்காலத்தில் தன் பாட்டியும் இறைச்சி தொடமாட்டார் என்று எழுதினார். அன்று அவர் போர்ஷ் என்ற பீட்ரூட் சூப் சமைத்தார். முதல் தடவையாக அவர் வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன். வாசல் திறப்பையும் அன்றுதான் கொடுத்தேன். அதுவரை மணி அடித்துக் காத்து நின்றிருக்கிறார், பகலில் தூங்கும் என் கணவரை எழுப்ப வெட்கப்பட்டு இரண்டு தடவை மழையில் நின்றிருக்கிறார். அடுப்பும் திறப்பும் முதல் நாளே கொடுக்க வேண்டியவை. இதை எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பத்திதான்.

மொழியிலும் ஒரு சிறு விஷயம் உண்டு. கார்கிவில் பலருக்கு வீட்டு மொழி ரஷ்யன். இவருக்கும் அப்படித்தான், ஆனால் போர் தொடங்கிய பிறகு பிள்ளைகளோடு உக்ரைன் மொழியில் மட்டும் பேசுவது என்று உறுதி எடுத்திருந்தார். செயலியில் எந்த மொழியை வைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்களாகத் தேர்ந்தால் காயப்படுத்தக்கூடும். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாய்க்குத் தூக்கம் வராததையும், ராத்திரியில் நெஞ்சு அடைப்பதையும் பதினான்கு வயது மகள் தன் வாயால் வைத்தியருக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் தாயைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. முன்கூட்டிச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையே இலவசமாக ஏற்பாடு செய்யும் என்று வரவேற்பில் இருந்த பெண் பிறகு சொன்னார்.

பணத்துக்கு வருகிறேன். கவுன்சிலில் இருந்து வீடு பார்க்க ஆள் வந்தது அவர்கள் வந்து மூன்றாம் வாரம். புகை எச்சரிக்கைக் கருவி, காபன் மொனொக்சைட் கருவி, படுக்கைகள், கதவுப் பூட்டு எல்லாம் பார்த்தார். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. இந்தச் சோதனைகள் முடியும் வரை நன்றித் தொகை வராது. எங்களுக்கு முதல் 350 பவுண் வந்தது ஓகஸ்ட் மாதத்தில். விருந்தினர் ஆளுக்கு 200 பவுண் ஆரம்ப உதவியாகக் கிடைக்க வேண்டும், அது ஆறாம் வாரம் வந்தது. யுனிவர்சல் கிரெடிட் எனப்படும் அரச உதவிப்பணம் விண்ணப்பித்து ஐந்து வாரம் கழித்துத்தான் வரும். அதற்கு முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பின்னால் மாதம் மாதம் கழிப்பார்கள். அந்தப் பணம் போய்ச் சேர வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும், சான்று கேட்டால் பில்லில் பெயர் இருக்கிறதா என்பார்கள். இந்தச் சுற்றை உடைத்தது என் கையால் எழுதிய ஒரு கடிதமும், அரசின் அனுமதிக் கடிதத்தின் பிரதியும், மூன்றாவதாகப் போன வங்கிக் கிளையில் இருந்த பொறுமையான ஓர் ஊழியரும்தான். முதல் ஆறு வாரத்துக்கு ஆயிரம் பவுணாவது கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அது பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் வரும் நேரத்தில்தான் வரும்.

காசைவிட நேரம்தான் அதிகம் போனது. வேலை நிலையம், வைத்தியர் பதிவு, கைரேகை கொடுக்கும் நிலையம், இரண்டு பாடசாலைகள் என்று எல்லாம் வார நாட்களில், பகலில். சம்பளமில்லாத விடுப்பு பதினொரு நாள் எடுத்தேன், 935 பவுண். அவற்றில் ஐந்து நாளாவது வீண் என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓடினேன். அந்தத் தாயும் தானாகப் போகத் தெரிந்தவர், கார்கிவில் பன்னிரண்டு வருடம் கணக்காளராக வேலை செய்தவர். பஸ் எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும் என்பது இரண்டாம் மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனதில் எனக்கு ஒரு நிறைவு இருந்திருக்கிறது, அதற்காகவும் சில நாட்களைச் செலவழித்திருக்கிறேன். மகள் காலையில் இங்கே பாடசாலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் உக்ரைன் பாடசாலையின் இணைய வகுப்பிலும் இருந்தாள். இரட்டைப் படிப்பு வேண்டாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கை அந்தக் கணினிக்குள்தான் இருந்தது.

அந்த வருடம் ஒக்டோபர் 24 தீபாவளி. எங்கள் தெருவில் தமிழர், குஜராத்திகள் என்று எல்லா வீட்டிலும் வெடி. எனக்கு அது நினைவிலேயே இல்லை, நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். முதல் வாணம் மேலே போய் வெடித்ததும் பையன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொருள் வைக்கும் பொந்துக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். தாய் கதவுக்கு வெளியே தரையில் படுத்து, அடியில் இருந்த இடுக்கு வழியாக அவனோடு பேசிக்கொண்டிருந்தார். இரவு பதினொன்றரைக்குத்தான் அவன் கதவைத் திறந்தான். ஹெலிகொப்டர் சத்தத்துக்குக் கட்டிலின் கீழ் ஓடி வளர்ந்தவள் நான், எனக்கே தோன்றவில்லை. நவம்பர் 5ஆம் திகதியும் இந்த நாட்டில் வெடிதான். அன்றைக்கு முன்கூட்டியே சொல்லி, காதடைப்பான் வாங்கி, மூன்று பேரும் நீச்சல் குளத்துக்குப் போய் இரவு திரும்பினார்கள். நாட்காட்டியைப் பார்த்து இந்த நாட்களை முன்பே குறித்து வையுங்கள்.

குளிர் தொடங்கியதும் பில் ஏறியது. மாதம் 140 பவுணாக இருந்த எரிவாயு, மின்சாரக் கட்டணம் 390 ஆனது. அந்தக் குளிர்காலத்தில் அரசு எல்லா வீடுகளுக்கும் கொடுத்த 400 பவுண் கழிவையும் சேர்த்துப் பார்த்தாலும் கை கடித்தது. விருந்தினரிடம் வாடகை வாங்கக் கூடாது, ஆனால் மின்சாரம், எரிவாயுவுக்கு நியாயமான பங்கு கேட்கலாம் என்பது விதி. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் காசு பேசுவதா? பேசாமல் இருந்து, ஹீட்டரை யாரும் பார்க்காத நேரத்தில் குறைத்தேன். அவர் யாரும் பார்க்காத நேரத்தில் கூட்டினார். மூன்று வாரம் இப்படி ஒரு ஊமைச் சண்டை நடந்தது. கடைசியில் அவரே வந்து, மேசையில் 60 பவுணை வைத்து, மாதம் மாதம் இதைத் தருகிறேன், பிள்ளை குளிரில் இருமுகிறான் என்று எழுதிக் காட்டினார். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. வந்த முதல் மாதமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: பில் பங்கு எவ்வளவு, குசினி நேரம், இரவு எத்தனை மணிக்கு அமைதி, யார் வரலாம், எத்தனை மாதம். தாள் போட்டால் அன்பு குறைந்துவிடும் என்று நினைத்தேன். தாள் இல்லாமல்தான் குறைந்தது.

அந்தத் தாளில் எத்தனை மாதம் என்ற வரி முக்கியம். ஆறு மாதம் நவம்பரில் முடிந்தது. அவருக்கு ஒரு பாடசாலைக் குசினியில் பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. இனி வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று இறங்கியபோதுதான் மதில் தெரிந்தது. மாதம் 1,600 பவுண் வாடகை என்றால் வருடத்துக்கு 48,000 பவுண் வருமானம் கேட்டார்கள், அல்லது பிணை நிற்க ஆள், அல்லது ஆறு மாத வாடகை முன்கூட்டியே. உதவிப்பணம் என்ற சொல்லைக் கேட்டதும் சில முகவர்கள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அரசு தரும் வாடகை உதவியின் உச்ச வரம்பு 2020இலேயே உறைந்து நின்றது, 2024 ஏப்ரலில்தான் அதை மறுபடி உயர்த்தினார்கள். இடையில் வாடகை எங்கேயோ போய்விட்டது. இருபத்திரண்டு வீடுகளுக்கு விண்ணப்பித்தோம்.

அந்த அவசரத்தில் ஏமாந்தோம். இணையத்தில் இரண்டு அறை வீடு, 1,250 பவுண், வீட்டுக்காரர் என்று பேசியவர், தான் வெளிநாட்டில் இருக்கிறேன், இன்றைக்கே 650 பவுண் கட்டினால் வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்றார். படங்கள் அழகாக இருந்தன. அந்தத் தாயின் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து நான் என் கணக்கிலிருந்து அனுப்பினேன். மறுநாள் அந்த விளம்பரமும் இல்லை, எண்ணும் இல்லை. பொலிஸில் முறையிட்டோம், பணம் திரும்பவில்லை. நான் அந்த ஒரு வாரம் அவரிடம் சரியாகப் பேசவில்லை, அவர் மேல் கோபம் இல்லாமலே. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டைப் பிடித்து வைக்கக் கேட்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வைப்புத் தொகை பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் முப்பது நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். இது தெரிந்திருந்தால் 650 என்ற எண்ணைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்கும். உள்ளே கால் வைத்துப் பார்க்காத வீட்டுக்கு ஒரு பவுணும் கொடுக்காதீர்கள்.

எனக்கு யாரும் சொல்லாத இன்னொரு வழி கவுன்சிலின் வீடின்மைப் பிரிவு. ஐம்பத்தாறு நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலையில் இருப்பவருக்கு, அப்படி ஆகாமல் தடுக்க உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை. ஆனால் அங்கே போனால் ஒரு கடிதம் கேட்பார்கள்: இன்ன திகதிக்குப் பிறகு என் வீட்டில் இவர்கள் இருக்க முடியாது என்று நான் கையெழுத்திட்ட கடிதம். அதை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பெரியம்மா எங்களைப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லையே, நான் எப்படி எழுதுவேன் என்று இரவெல்லாம் புரண்டேன். கணவரின் தூக்கம் கெட்டு அவர் வேலையில் ஒரு தடவை தவறிவிழும் நிலைக்கு வந்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக் காட்டி எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, இதை ஏன் ஜனவரியில் எழுதவில்லை என்று கேட்டார். அவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழியின் ஒரு படிவம் மட்டும். துரோகமாக நினைத்துச் சுமந்தது நான் ஒருத்திதான். அந்தக் கடிதத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, நாலாம் மாதமே எழுதுங்கள்.

கடிதம் போன பிறகு காரியம் நகர்ந்தது. கவுன்சில் வைப்புத் தொகையையும் முதல் மாத வாடகையையும் கொடுக்க ஒத்துக்கொண்டது. பிணை நான் நின்றேன். நிற்பதற்கு முன் பத்திரத்தைச் சட்ட ஆலோசனை தரும் இலவச நிலையத்தில் காட்டினேன். அங்கே இருந்தவர் இரண்டு இடத்தில் கோடு போட்டார்: என் பொறுப்புக்கு ஓர் உச்சத் தொகை எழுத வேண்டும், பன்னிரண்டு மாதத்தோடு அது முடிய வேண்டும். வீட்டுக்காரர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். 2023 ஜூன் மாதம், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டுக்குப் போனார்கள். பையன் பொம்மை லொறியை என் மகனிடம் விட்டுவிட்டுப் போனான்.

பிறகு வந்தது வேறு கவலை. மூன்று வருட விசா 2025 மே மாதத்தோடு முடிந்தது. பிப்ரவரி 4ஆம் திகதி தொடங்கிய நீட்டிப்புத் திட்டத்தில் கிடைத்தது பதினெட்டு மாதம், கட்டணம் இல்லை, ஆனால் நிரந்தர வதிவிடத்துக்கு அந்தக் காலம் கணக்கில் வராது. வீட்டுக்காரர் இரண்டு வருட ஒப்பந்தம் கேட்க, கையில் இருந்த அனுமதியோ அதைவிடக் குறைவு. அந்த நாட்களில் ஒரு தடவை அந்தத் தாய் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார். நான் ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருக்க அவர் போர்ஷ் ஊற்றிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். இரண்டாம் பக்கத்தில் பிணை என்ற இடத்தில் பெயர் எழுதும் கோடு காலியாக இருந்தது. இந்த முறை உச்சத் தொகை முன்பே அச்சிட்டிருந்தது. அதன் கீழே கோடு போட்டது அவர்தான்.